பெற்றோருக்கு வைக்கும் பரீட்சை

திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடிகிற இடம் கோரிமேடு. ஜிப்மர் மதிலைக் கடந்து கொஞ்சம் நடந்தால் எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் பட்டானூர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளி வேனில் போகிறார்கள், ஒரே டியூஷனில் உட்காருகிறார்கள், மழைக்கு ஒரே பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குகிறார்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் வழி பிரிந்துவிடும். பட்டானூர்ப் பிள்ளை தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போக வேண்டும். கோரிமேட்டுப் பிள்ளைக்குப் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக். இருவரில் யார் கெட்டிக்காரர் என்பது இந்தப் பிரிவினையில் வரவே வராது. தகப்பனார் எந்தத் தாசில்தாரிடம் போய் நிற்க வேண்டியவர் என்பதுதான் வரும்.

கல்லூரிச் சேர்க்கை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையின் மன அழுத்தத்தில் தொடங்கி, பெற்றோர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று முடிப்பார்கள். நல்ல அறிவுரைதான். புதுச்சேரியின் கடந்த இருநூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த ஊரில் கல்லூரி வாசலில் பிள்ளையின் படிப்பைச் சோதித்ததற்கு ஈடாகப் பெற்றவர்களின் படிப்பையும் பழக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள். வாசலுக்கு வாசல் ஆட்சி மாறியது, மொழி மாறியது, காகிதம் கணினியானது. அந்தச் சோதனை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823-ல். இன்றைய ஜிப்மர் தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1826-ல், கவர்னர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் அரச கல்லூரி வந்தது. இன்றும் கடற்கரை ஓரம் நடக்கிற லிசே பிரான்சே அதன் வாரிசு. 1838-ல் சட்டப் பள்ளி. பட்டியலைப் படித்தால் பெருமையாகத்தான் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் பிறந்தது. ஆனால் அந்த அரச கல்லூரி ஐரோப்பியர் பிள்ளைகளையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மனத்தில் வைத்துக் கட்டியது. வெள்ளை நகரத்துக்கும் கறுப்பு நகரத்துக்கும் நடுவே ஓடிய வாய்க்கால், பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஓடியது. கறுப்பு நகரத்துப் பையன் மேலே படிக்க வேண்டுமானால் அவன் தகப்பனாருக்கு ஒரு துரையைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பிரெஞ்சில் மனு எழுதத் தெரிந்த ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாய்க்காலின் மேற்குக் கரையிலிருந்து எழுந்த முயற்சி ஒன்று தனியாக நின்று பார்க்கத் தக்கது. 1877-ல் கலவை சுப்பராயச் செட்டியார் என்ற செல்வந்தர் தன் பணத்தில் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். மிஷன் வீதியில் இன்றும் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறதே, அதுதான் கலவைக் கல்லூரி. பாரதிதாசன் படித்தது அங்கேதான். இன்று ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்காக விண்ணப்பம் வாங்குகிறார். அந்தத் தலைமுறையில் ஒரு பெற்றோர் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கல்லூரியே வாங்கினார் என்று சொல்லலாம். வாசலில் விடமாட்டேன் என்றவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல், பக்கத்திலேயே இன்னொரு வாசலைத் திறந்தார். பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி என்று நூல் எழுதுகிறவர்கள் இந்தக் காரியத்தை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

படித்து முடித்தவனுக்கும் சோதனை தீர்ந்தபாடில்லை. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873-ல் ஐரோப்பிய உடையும் காலில் ஜோடும் அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரீஸ் வரை வழக்கை எடுத்துச்சென்று வென்றார். பிறகு 1881-ல், தன் பிறப்புவழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கிறவருக்கு அந்த உரிமைகள் உண்டு என்று ஆணை வந்தபோது, துறந்தவர்களில் அவர் முன்வரிசை. லா போர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவர் வழியில் துறந்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள்: சைகோன், பிரெஞ்சு இந்தோசீனத்தின் சுங்கம், நீதிமன்றம், போலீஸ், கணக்கு அலுவலகம். அந்த வீடுகளில் பிள்ளையின் மேற்படிப்பு என்று பேசினால் அதற்கு சைகோன் உத்தியோகம் என்று பொருள். தகப்பன் தன் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்த காகிதத்தில் மகனின் வாழ்க்கை ஏறியது. அந்தக் குடும்பங்களைக் கேலி செய்தவர்களும் உண்டு. கேலி செய்தவர்களின் பேரன்கள் பின்னாளில் எந்த ஒதுக்கீட்டுக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று அலைந்ததைப் பார்த்தால், அந்தக் கேலியைக் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956-ல் கோரிமேட்டில் புது மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நட்டார்கள்; முதலில் வைத்த பெயர் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. இப்போதும் அந்த வட்டாரத்தின் தபால் முகவரி தன்வந்திரி நகர்தான். நேரு மறைந்த சில வாரங்களில், 1964 ஜூலை 13 அன்று, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஜவஹர்லால் பெயரில் திறந்துவைத்தார். அதற்கு முன்பே 1961-ல் தாகூர் கலைக் கல்லூரி வந்திருந்தது. 1968-ல் பெண்களுக்கு பாரதிதாசன் கல்லூரி. எல்லாமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில். பிரெஞ்சு கற்ற தகப்பன்மார் ஒரே தலைமுறையில் எழுத்தறிவில்லாதவர்கள் ஆனார்கள் என்று சொன்னால் மிகையில்லை. பிள்ளைக்கு வந்த விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. ஊரில் மதிப்பாக இருந்த பிரெவே காரருக்கு அதைப் பூர்த்தி செய்யத் தெரியவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்கும் தாத்தா, கடலூரில் படித்துவிட்டு வந்த குமாஸ்தா வீட்டு வாசலில் நின்றார்.

அந்தக் காலத்து விண்ணப்பத்தில் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு கொடுமை இருந்தது: கெசட்டட் ஆபீசர் கையெழுத்து. மதிப்பெண் பட்டியலைக் கையால் நகலெடுக்க வேண்டும், அல்லது தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு ஜெராக்ஸ் வந்தது. எப்படியிருந்தாலும் அது உண்மை நகல் என்று ஓர் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். அதிகாரியைத் தெரியாதவருக்கு நகல் இல்லை. கோரிமேட்டில் வசித்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருந்தது. மத்திய அரசு டாக்டர்கள் எதிரிலேயே இருந்தார்கள். சலுகை என்றாலும் அது தானாக வரவில்லை. வார்டில் வேலை பார்த்த அத்தை, கேன்டீனில் இருந்த மாமா, தோட்ட வேலைக்குப் போன தாத்தா, யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஜாதியும் வேலையும் தெருவும் சேர்ந்து ஒருவருக்கு எத்தனை அதிகாரிகளைத் தெரியும் என்பதைத் தீர்மானித்தன. பிள்ளையின் சொந்தக் கையெழுத்தே போதும் என்று மத்திய அரசு சொல்ல ஆரம்பித்து இன்னும் பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை.

இடையில் நுழைவுத் தேர்வுகளின் காலம். தமிழ்நாடு 1984-ல் கொண்டுவந்தது, 2006-ல் சட்டம் போட்டு எடுத்தது. ஜிப்மர் தனக்கென்று அகில இந்தியத் தேர்வு நடத்தியது. பயிற்சி மையங்களுக்கும் லாட்ஜுகளுக்கும் அது நல்ல காலம். பெற்றோர் அப்போது காவலாளி: தேர்வு மைய வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பவர். 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வை நடத்தியபோது, கிண்டியில் அகன்ற திரையில் காலியிடங்கள் ஓடும். அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மார் முகங்களை மறக்க முடியாது. அதில் பல குறைகள் இருந்தன. ஒரு நல்லதும் இருந்தது. பிள்ளையும் பெற்றவரும் ஒரே மேஜை முன் உட்கார்ந்து, எதிரே ஒரு மனிதரைப் பார்த்து, ஐயா இந்தக் கல்லூரி எந்தப் பக்கம், விடுதி உண்டா என்று தமிழில் கேட்க முடிந்தது.

இப்போது அந்த மேஜை இல்லை.

ஜிப்மரின் தனித் தேர்வு 2019-ஓடு முடிந்தது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்த பிறகு, 2020 முதல் நீட் மதிப்பெண்தான். ஆகவே ஜிப்மர் மதிலுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை, ஜிப்மரில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் ஒன்று கிடைக்குமா என்று பார்க்க, டெல்லியிலிருந்து இயங்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் (எம்.சி.சி.) தளத்தில் பதிய வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் கதிர்காமத்தில் 2010-ல் தொடங்கிய இந்திராகாந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டுக்கோ சென்டாக்கில் பதிய வேண்டும். கூகுள் வரைபடத்தில் இரண்டும் ஓர் அங்குலம். விண்ணப்பத்தில் இரண்டு அரசாங்கம், இரண்டு கட்டணம், இரண்டு கடவுச்சொல், இரண்டு கெடு. பொறியியல் என்றால் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு சென்டாக். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை என்றால் 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. ஊரில் இருக்கும் நாலு கல்லூரிக்கு மூன்று தேர்வு, நாலு தளம்.

இதில் ஜாதிச் சான்றிதழ் என்கிற ஒற்றைக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி அரசு எம்.பி.சி., ஓ.பி.சி., இ.பி.சி. என்று தன் பட்டியலின்படி தருகிறது. சென்டாக்குக்கு அது செல்லும். மத்திய நிறுவனத்துக்கு அது செல்லாது. மத்தியப் பட்டியலில் அந்த ஜாதி இருக்க வேண்டும், மத்திய படிவத்தில் வாங்க வேண்டும், கிரீமி லேயர் இல்லை என்று சொல்ல வேண்டும், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு இன்னொரு முடிச்சு. 1964-ல் குடியரசுத் தலைவர் புதுச்சேரிக்கென்று வெளியிட்ட ஆணையின்படி, அப்போது இங்கே வசித்தவர்களின் வழிவந்தவர்தான் பூர்வீகப் பட்டியலினத்தவர். திண்டிவனத்திலிருந்து பின்னாளில் குடிவந்தவரின் பேத்தி, ஜிப்மர் பிரசவ வார்டிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், தாத்தா 1964-ல் எங்கிருந்தார் என்பதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணின் இயற்பியல் அறிவுக்கும் தாத்தாவின் ரேஷன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டால், பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் போய் ஓரமாக நின்று பார்க்கலாம். தாய் ஒருவர், கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஸ்கேன் செய்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, எழுத்து தெரியவில்லை. கடைப் பையன் சாய்த்துச் சாய்த்து வைக்கிறான். புகைப்படம் ஏறவில்லை, அளவு கே.பி. கணக்கில் கூடிப்போயிற்று. சில மாதங்களுக்கு முன் நீட் விண்ணப்பத்துக்கு வந்தபோது விரல் ரேகையை வேறு வெள்ளைத் தாளில் பதித்து ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்டாம்ப் பேட் மை காயவில்லை, சின்னவன் கையை வைத்துவிட்டான். 'இமெயில் ஐடி இருக்குதாம்மா?' இல்லை. கடைப் பையன் தானே ஒன்றை உருவாக்குகிறான். 'ஃபோன் நம்பர்?' அப்பாவுடையது, அப்பா சென்ட்ரிங் வேலைக்குக் கட்டடத்தின் மேலே இருக்கிறார், ஓ.டி.பி.யை எடுத்துச் சொல்ல முடியாது. கடைப் பையன் தன் நம்பரையே போட்டுவிடுகிறான். அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜூலையில் இடம் ஒதுக்கியாகிவிட்டது, இத்தனை நாளுக்குள் உறுதி செய்க என்ற செய்தி வருமே, அது அந்தக் கடைப் பையனின் போனுக்குத்தான் போகும். அவன் அதற்குள் வேறு கடைக்கு மாறியிருக்கவும் கூடும்.

நகரத்தின் இன்னொரு மூலையில், இதே வாரங்களில், இதே வயதுப் பிள்ளைகள் சிலர் வேறு மாதிரி விண்ணப்பம் போட்டு முடித்திருப்பார்கள். 1962-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் லிசேயில் பக்கலோரேயா எழுதி, பார்கூர்சுப் என்ற பிரான்ஸின் பொதுத் தளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். 2018-ல் வந்த ஏற்பாடு அது. பத்து விருப்பங்கள் வரை குறிக்கலாம், ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளையே எழுத வேண்டும். பிரான்ஸிலும் அதைத் திட்டாதவர் கிடையாது. காத்திருப்பு நீளம், எந்தக் கல்லூரி எதைப் பார்த்து எடுக்கிறது என்பது மூடுமந்திரம், பணக்காரப் பெற்றோர் அங்கேயும் ஆலோசகருக்குக் காசு கொடுத்துக் கடிதம் எழுத வைக்கிறார்கள். இருந்தாலும் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பத்தோடும் ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் தங்கள் கருத்தை எழுதிச் சேர்க்க வேண்டும். கடைசி வகுப்புக்கு இரண்டு வகுப்பாசிரியர்களை வைப்பது பிரான்ஸில் இதற்காகவே வந்த வழக்கம். விண்ணப்பம் பள்ளியின் வேலைகளில் ஒன்று. இங்கே பள்ளியின் வேலை மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் முடிந்துவிடுகிறது. அன்று மாலையே பிள்ளை ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சேருகிறது.

ஒரே வீட்டில் அண்ணன் மகன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி மகன் இந்தியக் குடிமகன் என்று இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. முதலாமவனுக்குப் பள்ளி உடன் நிற்கிறது. இரண்டாமவனுக்குப் பெற்றவர் மட்டும்தான்.

சரி, பெற்றவர் என்ன செய்யலாம்? நான் பார்த்த வரையில் செய்யக் கூடாததைச் செய்கிறவர்கள் அதிகம். சென்டாக் விருப்பப் பட்டியலைத் தகப்பனார் தயாரிப்பார், மாமா திருத்துவார், பிள்ளைக்கு அச்சிட்ட தாள் வரும். இதில் ஒரு கணக்குத் தப்பும் நடக்கிறது. 'நமக்கு அந்தக் கல்லூரி எங்கே கிடைக்கப்போகிறது, கிடைக்கிறதை மேலே போடு' என்பார்கள். தரவரிசைப்படி இடம் கொடுக்கிற முறையில் இது தவறு. பிள்ளையின் முறை வரும்போது, அதன் பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி கொடுக்கும். ஆசைப்பட்டதை முதலில் போட்டால் இரண்டாவதுக்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. கிடைக்காது என்று பயந்து கீழே தள்ளினால்தான், கிடைத்திருக்க வேண்டியது கைவிட்டுப் போகும். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கல்லூரிச் சேர்க்கையை வைத்தே எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962-ல் வெளியானது. அதில் தொடங்கிய ஆராய்ச்சிக்காக 2012-ல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். அதன் வழிவந்த எளிய பாடம்: உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுது. எந்த மாமாவின் அனுபவமும் இதற்கு மேலே போகாது. சுற்றுக்குச் சுற்று, சேர்ந்தால் என்ன, விட்டால் என்ன, கட்டிய பணம் திரும்புமா என்ற விதிகள் மாறும். அதை மட்டும் தகவல் கையேட்டில் வரி விடாமல் படிக்க வேண்டும். பெற்றவரின் கண்ணாடி அங்கேதான் வேண்டும்.

உண்மையில் எது வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் கேட்காமல் எழுத முடியாது. கேட்டால் உடனே பதில் வராது என்பதும் உண்மை. பதினேழு வயதில் எல்லாருக்கும் இலட்சியம் இருக்கும் என்பது சினிமா. டிசம்பரிலேயே பேசத் தொடங்கி, அரசுக் கல்லூரி வளாகம் ஒன்றை ஒரு சனிக்கிழமை சேர்ந்து போய்ப் பார்த்து, அங்கே படிக்கிற தெருப் பிள்ளை ஒன்றிடம் பேசவிட்டால், ஜூனில் பட்டியல் எழுதும்போது பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். கோரிமேட்டுக்காரர்களுக்கு இது எளிது. மாலையில் ஜிப்மர் வாசலில் இந்தியாவின் எல்லா மொழிகளும் டீ குடிக்கின்றன. மருத்துவம் ஆசைப்படும் பிள்ளை, அதன் புறநோயாளிப் பிரிவில் விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் விழுப்புரத்து, கடலூர் ஜனங்களையும் ஒருமுறை பார்க்கட்டும். எந்த நீட் பயிற்சி மையமும் காட்டாத பகுதி அது.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. பிள்ளைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதைப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. இடம் கிடைத்த பிறகு நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்று பிள்ளை காதுபடப் பேசுவதைவிட அது மரியாதை. காமராஜர் பெயரில் புதுச்சேரி அரசு தரும் நிதியுதவி இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது; இரண்டுக்கும் கல்லூரி திறந்த பிறகே காகிதம் நகரும், முதல் கட்டணம் கையில் இருந்துதான் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் புரோக்கர் வருவார். எல்லைப்புற ஊர்களில் அவருக்குப் பழைய செல்வாக்கு. பட்டானூரில் வீடு, கோரிமேட்டில் வாடகை ஒப்பந்தம், இரண்டு பக்கமும் இருப்பிடச் சான்று வாங்கி இரண்டு கலந்தாய்விலும் பெயர் கொடுப்பது பற்றிய புகார் ஆண்டுதோறும் எழுகிறது; உள்ளூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கங்கள் மனு மேல் மனு கொடுக்கின்றன. 2024-ல் மருத்துவ என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டில் போலிச் சான்றிதழ்கள் கண்டுபிடிக்கப்பட்டு, இடங்கள் ரத்தாகி, போலீஸ் விசாரணை வரை போயிற்று. அந்தக் காகிதத்தில் இருப்பது பிள்ளையின் பெயர் என்பதைப் புரோக்கர் சொல்வதில்லை. வழக்கு வந்தால் அது பிள்ளையின் பெயரில்தான் வரும்.

அரசு என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சேர்க்கையில் 10 சதவீத உள்ஒதுக்கீடு தர 2020-ல் நாராயணசாமி அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அதை டெல்லிக்கு அனுப்பினார். கிடப்பில் கிடந்து, 2023-ல் ரங்கசாமி ஆட்சியில் ஒப்புதல் வந்தது. அதே 2020-ல் தமிழ்நாடு தன் 7.5 சதவீதத்தைச் சட்டமாக்கி அந்த ஆண்டே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பாடத்திட்டமும் மாறியாயிற்று. அதுவரை ஒரே அரசின் பள்ளிகளில் புதுச்சேரி, காரைக்காலுக்குத் தமிழ்நாட்டுப் பாடம், மாஹேவுக்குக் கேரளப் பாடம், ஏனாமுக்கு ஆந்திரப் பாடம் என்று இருந்தது. உலகில் வேறெங்கும் இப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம். 2023-24-ல் தொடங்கி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. முதல் பிளஸ் டூ அணி 2025-ல் தேர்வு எழுதியது. தனியார் பள்ளிகள் பலவற்றில் இன்னும் தமிழ்நாட்டு வாரியம். மகளின் புத்தகத்தை இப்போது அம்மாவால் திறந்து பார்க்க முடிவதில்லை. பிரெவே படித்த தாத்தாவுக்கு ஆங்கில விண்ணப்பம் புரியாமல் போன அதே நிலைமை, இரண்டு தலைமுறை தள்ளி வந்திருக்கிறது. இந்த ஊர் பாடத்தை மாற்றும்போதெல்லாம், பெற்றவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் வைக்க மறந்துவிடுகிறது.

ஆகவே என் கோரிக்கை பெற்றோருக்கு முன்னால் கல்வித் துறைக்குத்தான். புதுச்சேரியில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் விரல்விட்டு எண்ண முடியாத அளவுக்கு ஒன்றும் பெருகிவிடவில்லை. 2011 கணக்குப்படி மொத்த மக்கள்தொகையே பன்னிரண்டரை லட்சம்தான். ஒவ்வொரு பள்ளியிலும் டிசம்பர் முதல் ஆகஸ்ட் வரை ஓர் ஆசிரியருக்கு விண்ணப்பம் மட்டுமே வேலை என்று ஆணை போடலாம். பள்ளியின் கணினி அறையை விடுமுறையிலும் திறந்து வைத்து, பிள்ளையின் சொந்த மின்னஞ்சல், சொந்தத் தொலைபேசி எண்ணில் அங்கேயே பதிவு செய்யலாம். வருவாய்த் துறை, மத்திய படிவம் உட்பட எல்லாச் சான்றிதழ்களையும் பதினோராம் வகுப்பிலேயே பள்ளிக்கு வந்து கொடுத்துவிட்டு, புதுப்பிக்க வேண்டியதை மட்டும் ஏப்ரலில் புதுப்பிக்கலாம். சென்டாக் தகவல் கையேட்டை நல்ல தமிழில், மாஹேவுக்கு மலையாளத்தில், ஏனாமுக்குத் தெலுங்கில் அச்சிட்டு ஜனவரியிலேயே கையில் கொடுக்கலாம். இதில் எதற்கும் டெல்லி ஒப்புதல் தேவையில்லை, ஆளுநர் கையெழுத்துக்காக மூன்று ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

பெற்றோருக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஃபைலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தாசில்தார் அலுவலகத்துக்கு நீங்கள் அலையுங்கள், கெடு தேதியைக் காலண்டரில் நீங்கள் வட்டமிடுங்கள். ஓ.டி.பி. வரும் போன் பிள்ளை கையில் இருக்கட்டும், விருப்பப் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். அடுத்த ஆண்டு நீட் எழுதப்போகும் பிள்ளை உள்ள வீடுகளில் மத்திய படிவச் சான்றிதழுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே மனு கொடுத்துவிடுங்கள். மே கடைசியில் போனால் உழவர்கரை தாலுக்கா அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது.